தலைமன்னார் வெளிச்சவீடும் இருண்ட காதல் கவிதையும்

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. எட்கர் அலன் போ, கீற்ஸ் போன்றவர்களின் இருண்ட காதல் கவிதைகள் வாசிப்பவரை ஏன் இவ்வளவு இழுக்கின்றன என்பது ஒன்று. மன்னார்த் தீவின் மேற்கு முனையில் நிற்கும் தலைமன்னார் வெளிச்சவீட்டை வைத்து அந்தத் தொனியில் தமிழில் எழுத வேண்டுமானால் அதன் வரலாற்றை எப்படித் தேடுவது என்பது மற்றது. தனித்தனியே பதில் சொல்லலாம்தான். ஆனால் இந்த வகைக் கவிதை பெரும்பாலும் தகவல் பிழையாகும் இடத்திலேயே படுத்துவிடுகிறது. ஆகவே இரண்டையும் பின்னித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் இழுப்பைப் பார்ப்போம். பயமும் வலியும் நம்மை நேரே தொடாத தூரத்தில் நின்றால் அவையே ஒருவகை இன்பமாகும் என்று எட்மண்ட் பேர்க் 1757இல் எழுதினார். தெளிவாகத் தெரியும் பொருளைவிட அரைகுறையாகத் தெரியும் பொருளே அதிகம் மிரட்டும் என்பதும் அவர் சொன்னதுதான். அவருக்கு ஒரு தலைமுறை பிந்தி வந்த ஆங்கிலக் கவிஞர்கள் இதைத்தான் செயலில் காட்டினார்கள்.

தமிழில் இதைவிடக் கைக்கு வசதியான கருவி இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடலில் தெரியும் உணர்ச்சி, எட்டு என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இழவு என்பது இழப்பு, அணங்கு என்பது மனிதரை வருத்தும் தெய்வம் அல்லது பேய். சாதாரணக் காதல் கவிதை உவகைக்குள் நடமாடும். இருண்ட காதல் கவிதை அந்த உவகையை இழவோடும் அணங்கோடும் முடிச்சுப் போடுகிறது. எந்தக் கவிதையைக் கையில் எடுத்தாலும் இதில் இழவு எங்கே, அணங்கு எங்கே என்று தேடிப் பாருங்கள். கீற்ஸ் 1819இல் எழுதிய 'லா பெல் டாம் சான் மெர்சி' கவிதையில் வீரனை மயக்கிக் குளிர்ந்த மலைச்சரிவில் விட்டுப்போகும் பெண் அணங்கு. போவின் 'அனபெல் லீ' பெரும்பாலும் இழவு, ஆனால் பொறாமைப்படும் வானவர்களும் கடலடிப் பேய்களும் அதில் வந்துபோகிறார்கள். இரண்டில் ஒன்று முற்றாக இல்லாமற்போனால் கவிதை வேறொன்றாக மாறிவிடும். இழவு மட்டும் என்றால் ஒப்பாரி. அணங்கு மட்டும் என்றால் பேய்க்கதை. இரண்டும் நல்ல வடிவங்களே, ஆனால் நீங்கள் கேட்டது அவற்றை அல்ல.

'அனபெல் லீ' போ இறந்து (1849 ஒக்ரோபர் 7) இரண்டு நாளில் பத்திரிகையில் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1847 ஜனவரியில், அவருடைய மனைவி காசநோயால் இறந்திருந்தார். ஆகவே அது சொந்தக் கதை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர். அந்தச் சுருக்குவழி கவிதையை விளக்காது. காசநோயால் மனைவியை இழந்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். அங்கே வேலை செய்வது ஓசை. 'ஸீ', 'லீ', 'மீ' என்ற ஒரே இயைபு விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. கடல் கரைக்கு வருவதை யாரும் வருணிக்காமலே காது அதைக் கேட்கிறது.

அவருடைய 'அண்டங்காக்கை' 1845 ஜனவரியில் வெளிவந்தது. அதை எப்படிக் கட்டினேன் என்று அடுத்த வருடம் ஒரு கட்டுரையும் எழுதினார். ஒரே இருப்பில் வாசிக்கக்கூடிய நீளம் வேண்டும், அது ஏறக்குறைய 100 வரி (முடிவில் 108 ஆனது), ஒரே சொல் ஒவ்வொரு கண்ணியின் இறுதியிலும் திரும்ப வர வேண்டும், சொல் மாறாமல் அதன் பொருள் மட்டும் மாறிக்கொண்டே போக வேண்டும் என்றார். எல்லாவற்றையும் கணக்குப் போட்டே செய்தேன் என்று அவர் சொல்வதை முழுக்க நம்பத் தேவையில்லை. கவிதை பேர் பெற்ற பிறகு எழுதிய விளக்கம் அது. அழகான பெண்ணின் சாவே கவிதைக்கு உச்சமான பொருள் என்று அதே கட்டுரையில் சொல்வதும் இன்று வாசிக்கும்போது எரிச்சலூட்டும். ஆனால் திரும்பும் சொல்லைப் பற்றிய பகுதி உங்களுக்கு நேரடியாகப் பயன்படும், ஏனென்றால் வெளிச்சவீடும் அதையேதான் செய்கிறது. மின்னல் மாறுவதில்லை. கரைக்கு வருகிறவனுக்கு ஒரு பொருள், கரையை விட்டுப் போகிறவனுக்கு இன்னொரு பொருள்.

இந்தச் சேர்க்கையை மேற்கிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் துறையில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஏணி சாத்தி ஏற வேண்டிய உயரம், மேலே வேயப்படாத மாடம், இரவில் அங்கே மூட்டிய தீ, அந்தத் தீயைக் கண்டு கரை சேரும் கலங்கள் என்று நாலைந்து அடிக்குள் ஒரு கட்டட விவரணமே கொடுத்துவிடுகிறார். கூரை ஏன் இல்லை என்று அவர் விளக்கவில்லை. திறந்த தீக்குக் காற்றும் வேண்டும், புகை போக வழியும் வேண்டும் என்பது அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும். அதே புலவரின் பட்டினப்பாலையில் பார்வை மறுபக்கம் திரும்புகிறது. திமிலில் இருக்கும் பரதவர் கரையின் மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணுகிறார்கள்.

இருட்டும் காதலும் சந்திக்கும் இடம் சிலப்பதிகாரம். கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் இரவு விளக்குகள் ஒவ்வொன்றாக வருகின்றன. பண்டம் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுவோரின் அகல், மீன் விற்பவர் விளக்கு, பிறமொழி பேசுவோர் வைத்த விளக்கு, அவற்றோடு கலங்கரை விளக்கமும். அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில்தான் கோவலனும் மாதவியும் போய் உட்காருகிறார்கள். அடுத்து வரும் கானல்வரியில் இருவரும் யாழை மாறிமாறி வாங்கிப் பாடி, ஒருவர் பாட்டை மற்றவர் பிழையாக விளங்கிக்கொண்டு பிரிகிறார்கள். ஒரே கருத்தை மூன்று மூன்றாக அடுக்கி, ஒரே முடிப்பைத் திரும்பச் சொல்லும் வரிப்பாட்டு அது. போவுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்திய திரும்புசொல். அந்தக் கதை வன்னியில் ஏட்டோடு நிற்கவும் இல்லை. முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து முல்லைமோடி என்ற முல்லைத்தீவுப் பாணியில் ஆடப்படுகிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வந்து அந்த நீரிலேயே விளக்கெரிக்கும் வழக்கம் இருக்கிறது. இழவும் அணங்கும் கடலும் விளக்கும் ஒரே பெண்ணைச் சுற்றி நிற்கின்றன. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்கொட்லாந்துக் கோட்டையைத் தேடிப் போவானேன்?

இனித் தலைமன்னார். இப்போது நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1915இல் கட்டப்பட்டது, உயரம் 19 மீற்றர். வட்டமான கட்டுமானம், மேலே சுற்றுமாடமும் விளக்கறையும். இலங்கையின் தென்முனையில் நிற்கும் தெவிநுவரக் கோபுரம் 49 மீற்றர் இருக்க, இது இவ்வளவு குள்ளமாக இருப்பது ஏன் என்று கேட்கலாம். தெவிநுவரவைத் தாண்டிப் பெருங்கடல் கப்பல்கள் போகின்றன. இங்கே இராமர் அணை மணல்திட்டுகளைக் கடந்து பெரிய கப்பல் போவதில்லை. நீண்ட வீச்சு தேவையற்ற, துறைக்கான விளக்கு இது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இந்தப் பக்கம் தலைமன்னார் இறங்குதுறை வரை தண்டவாளமும் வந்து, இடையில் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய காலம். கோபுரத்தின் வருடத்தை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த வருடம் கவிதைக்கும் முக்கியம். கோப்பித் தோட்டக் காலத்தில், 1830களிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் வழியிலேயே செத்தவர்கள் மிகப் பலர். அவர்கள் இறங்கியபோது இந்தக் கோபுரம் இல்லை. வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே காட்டுக்குள் நடந்த முதல் தலைமுறை என்று யாராவது எழுதினால் அந்த வரி விழுந்துவிடும். கோபுரம் இல்லாத கரையில் அவர்கள் இறங்கினார்கள் என்று எழுதினால் அது உண்மை, கூடவே கனமும் அதிகம்.

கோபுரம் கண்ட பயணம் வேறு. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் எழுதி, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்த மக்களைக் கேட்டுச் செய்த ஒப்பந்தம் அல்ல அது. இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆகவே ஒப்பந்தப்படி போனவர்களின் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் போனது. மலையகத்திலிருந்து அவர்களை இங்கே கொண்டுவந்த புகைவண்டியை மக்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்த நாட்டுக்காரர், ஒருவர் அந்த நாட்டுக்காரர். தாலி கட்டுமுன் பிரிந்தவர்கள், கட்டியும் பிரிந்தவர்கள் உண்டு. யுத்தம் வந்து 1980களில் கப்பல் நின்றது, 1990இல் புகைவண்டியும் நின்றது. தண்டவாளம் மறுபடி இறங்குதுறை வரை வந்தது 2015இல்.

நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். அந்த இரங்கலுக்கு இந்தக் கரையில் திகதியும் பயணச்சீட்டும் இருக்கின்றன. கோபுரத்துக்குள் ஆவி புகுத்த நினைக்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

விளக்கு எப்படி வேலை செய்தது என்பதை அறியாமல் எழுதப்படும் வெளிச்சவீட்டுக் கவிதைகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும். விளக்கு அணைந்து அணைந்து எரிவதாக எழுதுவார்கள். சுழலும் வில்லை உள்ள பழைய விளக்குகளில் சுடர் அணைவதேயில்லை. அது இரவு முழுக்க எரியும். அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் கூண்டு சுழலும். கூண்டின் ஒவ்வொரு முகமும் வெளிச்சத்தை ஒரு கற்றையாக்கி வீசும். கற்றை உங்களைக் கடக்கும் கணம்தான் மின்னல். நீங்கள் காணும் இருட்டு நீங்கள் நிற்கும் இடத்துக்கு மட்டும் உரியது. அதே வினாடியில் வேறொரு வள்ளத்துக்கு அது வெளிச்சம். 'விளக்கடி இருட்டு' பழமொழியை இங்கே எல்லோரும் எழுதுவார்கள், நீங்கள் விட்டுவிடுங்கள். மேலே சொன்னது அதைவிடக் கொடியது.

அந்த வில்லை பிரெஞ்சுக்காரரான பிரெனல் கண்டது. 1823இல் கோர்துவான் கோபுரத்தில் முதலில் ஏற்றப்பட்டது. வில்லைகளைச் சுடரிலிருந்து கண்ணாடி வரையுள்ள தூரத்தால் தரம் பிரிப்பார்கள். முதல் தரம் 920 மில்லிமீற்றர், மூன்றாம் தரம் 500, நாலாம் தரம் 250, ஆறாம் தரம் 150. பெரிய வில்லை தொன் கணக்கில் நிறை. 1890களிலிருந்து அதைப் பாதரசத் தொட்டியில் மிதக்க விட்டார்கள். விரலால் தள்ளினாலே நகரும். சுழற்றியது கடிகாரப் பொறி. கோபுரத்தின் நடுக்குழியில் இறங்கும் பாரம் அதை ஓட்டும், பாரம் அடிக்குப் போகுமுன் காவலர் மறுபடி முறுக்கி மேலேற்ற வேண்டும். தூங்கிவிட்டால் கற்றை ஒரே திசையில் நின்றுவிடும், கடலில் இருப்பவனுக்கு அது வேறொரு விளக்காகத் தெரியும். எரிப்பான் 1901க்குப் பிறகு பல இடங்களில் மண்ணெண்ணெய் ஆவியில் எரியும் வகையாயிற்று. எண்ணெயைக் காற்றழுத்தத்தில் ஏற்றி, சூடான குழாயில் ஆவியாக்கி, வலைத்திரியில் எரிப்பது. பெற்றோமக்ஸ் பற்றவைத்த வன்னிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்காமல் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும், கரி படிந்து புகைவதும் தெரியும்.

பகலில் விளக்கறைக்குத் திரை போடுவார்கள். போடாவிட்டால் வில்லை தன் வேலையைத் தலைகீழாகச் செய்யும். வெயிலை உள்ளே குவித்து எரிப்பானைக் கெடுக்கும், தீயும் பிடிக்கலாம். பாதரச ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்தால் கைநடுக்கம், எரிச்சல், மறதி எல்லாம் வரும். கதைகளில் வரும் பித்துப்பிடித்த காவலரின் பின்னால் தனிமையோடு இந்தத் தொட்டியும் இருந்திருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள். காவலர் வேலையையே ஒழிக்கத் தொடங்கியது சுவீடனின் குஸ்தாவ் தாலேன் 1907இல் பதிவு செய்த சூரிய அடைப்பிதழ். ஒரு கறுப்புத் தண்டையும் பளபளப்பான தண்டுகளையும் சேர்த்து வைத்திருப்பார். விடிந்ததும் கறுப்புத் தண்டு அதிக வெப்பத்தை உறிஞ்சி நீண்டு வாயுவை அடைக்கும், இருண்டதும் சுருங்கித் திறக்கும். 1912இல் அசற்றிலின் வெடித்து அவருக்குக் கண்பார்வை போனது. அதே வருடம் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கவிதைக்கு இதை அப்படியே எடுக்கலாம், ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம்.

தலைமன்னாரில் எந்தத் தரம், எந்த எரிப்பான் இருந்தது என்று ஊகித்து எழுத வேண்டாம். தேடினால் கிடைக்கக்கூடியது அது. பிரித்தானியக் கடற்படையின் விளக்குப் பட்டியல்கள் பழைய பதிப்புகளாக நூலகங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வரி. மின்னும் முறை, சுற்றுக்கு எத்தனை வினாடி, உயரம், வீச்சு, கோபுரத்தின் தோற்றம் எல்லாம் அந்த ஒரு வரியில். ஐந்து வருட இடைவெளியில் நாலைந்து பதிப்பை எடுத்து அதே வரியை ஒப்பிட்டால் எப்போது என்ன மாறியது என்று தெரியும். கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இலங்கையின் நீலப் புத்தகங்கள் (குடியேற்ற அரசின் ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்புகள்), நிர்வாக அறிக்கைகள், வர்த்தமானி ஆகியவற்றைப் பாருங்கள். 1912 முதல் 1916 வரை போதும். துறைமுகப் பகுதியில் மட்டும் தேடி ஏமாறுகிறவர்கள் உண்டு. இறங்குதுறை புகைவண்டிப் பாதையோடு வந்ததால் புகைவண்டித் திணைக்கள அறிக்கையும் பார்க்க வேண்டும். உள்ளூர் மலர்களுக்கும் பாடசாலை வெளியீடுகளுக்கும் நூலகம் இணையத்தளம் உதவும்.

ஒரே கோபுரத்துக்கு இரண்டு வருடமும் இரண்டு உயரமும் கண்டால் பதற வேண்டாம். அடிக்கல் வைத்த வருடம் ஒன்று, விளக்கேற்றிய வருடம் ஒன்று, புதுப்பித்த வருடம் ஒன்று. உயரத்திலும் அப்படியே, நிலத்திலிருந்து உச்சி வரை ஓர் எண், கடல் ஏற்ற மட்டத்திலிருந்து சுடர் வரை வேறோர் எண். எது எதுவென்று குறிக்காமல் பிரதி பண்ணும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. அரிப்பில் ஆளுநர் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய டொரிக் மாளிகையின் இடிபாட்டை வெளிச்சவீடு என்று காட்டும் படங்களும் சுற்றுகின்றன. அது முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டிய வீடு, கடல் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. தனியே ஒரு கவிதைக்கு அதுவே போதும். முல்லைத்தீவுக் கரையில் இருந்த வெளிச்சவீடோ யுத்தத்துக்குத் தப்பவில்லை, அதன் படத்தை இதோடு கலந்துவிடாதீர்கள்.

உயரத்தை நீங்களே சரிபார்க்க வெயிலும் தடியும் போதும். 1 மீற்றர் தடியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்துங்கள். அதன் நிழல் 0.8 மீற்றர் இருக்கையில் கோபுரத்தின் நிழல் 15.2 மீற்றர் என்றால் உயரம் 19. வழக்கமான பிழை, நிழலைச் சுவரிலிருந்து அளப்பது. உச்சி கோபுரத்தின் நடுவுக்கு மேலே இருக்கிறது, ஆகவே அடியின் ஆரையையும் கூட்ட வேண்டும். ஆரை 2 மீற்றர் என்றால் அதை விட்டவருக்கு 16.5 மீற்றர்தான் வரும். மணல் சரிந்திருந்தாலும் கணக்குக் கெடும். கடற்படை நிற்கும் கரை என்பதால் நாடா பிடிக்குமுன்னும் படம் எடுக்குமுன்னும் கேட்டுவிடுங்கள்.

ஊரில் பெரியவர்களிடம் கேட்கும்போது பேய் இருந்ததா என்று தொடங்கினால் பேய்தான் கிடைக்கும். விளக்கு எத்தனை தரம் மின்னும், யார் எண்ணெய் கொண்டுபோனது, கப்பல் வரும் நாளில் துறையில் என்ன விற்றார்கள், எந்த மாதத்தில் கப்பல் ஓடாது என்று கேளுங்கள். தொழிலுக்குப் போனவர்கள் கரையை அடையாளம் பிடித்த விதத்தைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

கவிதை வரலாற்றைக் கெடுக்கும் விதத்துக்கு நல்ல உதாரணம் ஸ்கொட்லாந்தின் பிளனன் தீவு. 1899 டிசம்பரில் ஏற்றப்பட்ட விளக்கு. ஒரு வருடம் கழித்து, 1900 டிசம்பர் 26இல், மாற்று ஆள் கொண்டுவந்த கப்பல் அங்கே மூன்று காவலரையும் காணவில்லை. விசாரித்த மேற்பார்வையாளரின் அறிக்கைப்படி சமையலறை ஒழுங்காக இருந்தது, விளக்கு துடைத்து எண்ணெய் நிரப்பித் தயாராக இருந்தது, மழையங்கி ஒன்று மட்டும் கொழுவியிருந்தது. மேற்குத் துறையில் 110 அடி உயரத்தில் வைத்திருந்த கயிற்றுப் பெட்டியை அலை கொண்டுபோயிருந்தது. காவலர்களையும் கடல் எடுத்திருக்க வேண்டும் என்பதே அவர் முடிவு. 1912இல் வில்பிரிட் கிப்சன் இதைக் கவிதையாக்கினார். அதில் தொடப்படாத சாப்பாடும் கவிழ்ந்த கதிரையும் வந்தன. நல்ல கவிதைதான். ஆனால் இன்றுவரை அந்தக் கதிரையும் சாப்பாடும் நடந்த சம்பவமாகவே திரும்பச் சொல்லப்படுகின்றன. எனக்கு அந்தக் கதிரையைவிடத் துடைத்து வைத்த விளக்கே அதிகம் பயம் தருகிறது. அன்றிரவு அதை ஏற்ற ஆள் இருக்கவில்லை.

போவும் கடைசிக் காலத்தில் வெளிச்சவீட்டுக் காவலரின் நாட்குறிப்பாக ஓர் உரைநடை தொடங்கி முடிக்காமல் விட்டார். 1796 ஜனவரி 1, 2, 3 என்று போகிறது. சுவரின் கனத்தையும் உயரத்தையும் கணக்குப் போட்டுத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் காவலர் கடைசியில் அத்திவாரம் சுண்ணாம்புப் பாறை போல இருக்கிறதே என்கிறார். ஜனவரி 4 என்ற திகதிக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆவி, இடி, அலறல் எதுவும் வரவில்லை. ஒரு கட்டடத் தகவல் அந்த வேலையைச் செய்துவிட்டது.

எழுத உட்காரும்போது மூடுபனி, ஓக் மரம், கோட்டை, அண்டங்காக்கை நாலையும் வெளியே வையுங்கள். மன்னார்த் தீவில் பார்வையை மறைப்பது சோளகக் காற்றில் எழும் மணலும் கண்ணாடியில் படியும் உப்பும். மரம் பனை, பள்ளிமுனையில் பெருக்கமரம். பறவை வேண்டுமானால் சங்கப்பாட்டில் பனைமேல் இருந்து துணைக்காகக் கூவும் அன்றில் இருக்கிறது. வலசைப் பறவைகள் இரவில் விளக்கறைக் கண்ணாடியில் மோதிச் சாவது உலகம் முழுக்கப் பதிவான விஷயம். மன்னாரோ அவை வந்திறங்கும் முனை. பருவத்தைப் பிழையாக எழுத வேண்டாம். வைகாசியில் வாடைக்காற்று வீசினால் தொழிலாளி ஒருவர் சிரித்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார்.

தூரமும் கணக்குக்கு உட்பட்டது. விளக்கின் உயரத்தையும் பார்ப்பவரின் கண் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி 2.08 ஆல் பெருக்கினால் எத்தனை கடல்மைலில் விளக்கு தலைகாட்டும் என்று வரும். கடலுக்கு 16 மீற்றர் மேலே ஒரு விளக்கு, கண் 1 மீற்றரில் இருக்கும் சிறு வள்ளம் என்றால் 10.4 கடல்மைல். 4 மீற்றர் உயரக் கப்பல்தட்டில் நிற்பவருக்கு 12.5. விளக்கு அடிவானத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் வானத்தில் அதன் மங்கிய வீச்சு கொஞ்ச நேரம் சுற்றும். இராமேசுவரம் போகும் கப்பலின் பின்தட்டில் நிற்பவர் முதலில் ஆட்களை இழக்கிறார், பிறகு கரையை, பிறகு சுடரை, கடைசியில் அந்த வீச்சை. இந்த ஒழுங்கு உங்கள் கவிதைக்கு ஒரு முதுகெலும்பு.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சாவு தூரத்தில் நிற்கும்போதுதான் இன்பமாகும் என்ற பேர்க்கின் நிபந்தனை வன்னிக் கரையில் எளிதில் நிறைவேறாது. 2004 டிசம்பர் 26உம் 2009 மே மாதமும் கேட்பவர்களின் வீட்டுக்குள் இருக்கின்றன. கடலடியில் கிடக்கும் காதலி என்று அலங்காரமாக எழுதினால் முல்லைத்தீவில் ஒருவர் எழுந்து போய்விடக்கூடும், அவர் போவது நியாயம். உடலைக் காட்டாமல் பொருளைக் காட்டுங்கள். பயணச்சீட்டு, தகரப்பெட்டி, முறுக்காமல் விட்ட பாரம்.

வடிவத்துக்கு ஆசிரியப்பாவைச் சிபாரிசு செய்வேன். வெண்பா இந்தப் பொருளுக்கு மிடுக்கு அதிகம். நிலைமண்டில ஆசிரியப்பாவில் எல்லா அடியும் நாற்சீர், சீரான சுழற்சிக்கு அது பொருந்தும். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீராகக் குறையும். விளக்கு நின்ற இரவைச் சொல்லும் பகுதிக்கு அதை வையுங்கள், ஒரு மின்னல் தவறியதைக் காது தானே கண்டுபிடிக்கும். விளக்குப் பட்டியலில் கிடைத்த வினாடிக் கணக்கை மணிக்கூட்டில் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசியுங்கள். திரும்புசொல் அந்த இடைவெளியில் வந்து விழ வேண்டும். முந்தி வந்தால் சீரைக் கூட்டுங்கள், பிந்தினால் அடைமொழிகளை வெட்டுங்கள். பெரும்பாலும் வெட்டத்தான் வரும்.